சிவநேசன் இன்னும் கிளம்பவில்லை

சிவநேசன் இன்னும் குழாயைத்தான் சரிசெய்துகொண்டிருந்தான். ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லிடுக்கில் வாஷரைக் கவ்வியபடி குந்தி உட்கார்ந்திருந்தான். ஆறாவது அத்தியாயம் முடியப்போகிறது. நூறு பக்கத்தைத் தாண்டியாகிவிட்டது. இந்நேரம் ரயிலேறி எங்கோ போயிருக்க வேண்டியவன். நாவலே அவன் போன பயணத்தைப் பற்றியதுதான். ஆனால் அதை எழுதும் பூங்கோதை அவனைக் கிளப்பப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போய்விடுகிறது. முதலில் ரேடியோ, பிறகு சைக்கிள் செயின், பிறகு சமையலறைக் கதவின் கீல், இப்போது குழாய். அவனும் அலுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்துவிடுகிறான். குழாயில் சொட்டும் தண்ணீர் அவன் முழங்கையில் விழுந்து வழிவதை எழுதி முடித்தபோது அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இப்போது படித்தால் இவன் எப்போதுதான் கிளம்புவான் என்றிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் குடித்த காபி நெஞ்சில் புளித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் மல்லாக்கக் கிடந்த செல்போனைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். இமை துடித்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பார்கள். இடதுதானா, வலதா? இது இடதுதான். ஆனால் மேல் இமையா கீழ் இமையா என்று அதிலும் ஏதோ கணக்கு உண்டு. எதிரே அம்மா ரஞ்சிதம் முறத்தில் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள், காம்பிலிருந்து இலை பிரியும் சின்னச் சின்னச் சத்தத்தோடு. கணவர் கரூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. உறையூரின் இந்த இரண்டாவது மாடி வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். அமைதியாக எழுத வேண்டியதுதானே. எழுதேன்.

சென்னையிலிருந்து பதிப்பாளர் நாகநாதன் நேற்று சாயங்காலம் பேசியிருந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர், அதனாலேயே அவர் சொல்வது எதுவும் ராத்திரி முழுக்கக் காதைவிட்டுப் போகாது. "குழாய் ரிப்பேர் நல்லாயிருக்கு மேடம். அந்த மாதிரி யாரும் எழுதல. ஆனா எதுக்கு?" என்று கேட்டார். எதுக்கு. அவள் வரலாறு டீச்சர், பானிபட் போர் ஏன் நடந்தது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். "படிக்கிறவன் எத்தனை பக்கம் பொறுத்துப்பான் சொல்லுங்க? கிளம்பப் போறான், கிளம்பப் போறான்னு பாத்துக்கிட்டே இருக்கான், இவன் வாஷரைத் தேடிக்கிட்டு இருக்கான். முதல் அத்தியாயத்துலயே ஆளைத் தெருவுல இறக்கிடுங்க. நாக்பூர் போனப்புறம் பிச்சு எடுக்கறீங்க. அங்கதான் உங்க நாவல் ஆரம்பிக்குது." பிச்சு எடுக்கறீங்க. அவள் நாக்பூருக்குப் போனதே இல்லை. ஆரஞ்சு மண்டி, அதன் பின்னாலிருந்த லாட்ஜ், அங்கே சிவநேசனுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்த தெலுங்குக்காரர், எல்லாம் இந்த மேசையில் உட்கார்ந்து ஜோடித்தது. ஜோடித்தது பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. கண்ணால் பார்த்தது நகர மாட்டேன் என்கிறது. "புத்தகக் கண்காட்சிக்கு வரணும்னா நான் இப்பவே முடிவு பண்ணணும். வீட்டுப் பகுதிய வெட்டிச் சுருக்கறதா, வேண்டாமான்னு யோசிங்க. நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்பிடறேன்." வெட்டி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தறியிலிருந்து துணியை வெட்டுவதுபோல. ஆனால் வெட்டுப்படப் போகிற பக்கங்களில்தான் அண்ணன் இருந்தான்.

அண்ணன் திருமூர்த்தி. நாவலில்தான் சிவநேசன். பேரை மாற்றினாள், தாடையிலிருந்த தழும்பைப் புருவத்துக்கு மாற்றினாள், டிப்ளமாவை ஐடிஐ ஆக்கினாள், மற்றபடி அவனேதான், அந்த லுங்கி மடிப்பு, அந்த வாஷர் கவ்விய வாய். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. காலைச் சங்கு ஊதும்போது அப்பா சைக்கிளை எடுப்பார். சங்கு நிற்பதற்குள் தெருமுனை திரும்பியிருப்பார். அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் டியூஷன் முடிந்து வந்தபோது அண்ணனின் சைக்கிள் சுவரோரம் எப்போதும் போலச் சாய்ந்திருந்தது. அதனால் அவன் உள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் கைகால் கழுவினாள், சாப்பிட்டாள், படித்தாள். எத்தனை நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்? விளக்கு வைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் இருக்கிறதே. பிறகு அப்பா வந்து, அவனுடைய பையைக் காணோம் என்று கண்டுபிடித்து, தெருவுக்கே கேட்கும்படி, "சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்டா என் புள்ள" என்றார். அப்புறம் அந்த வாக்கியம்தான் வீட்டில் இருந்தது. அப்பா சாகும்வரை அதையே சொன்னார், கல்யாண வீடுகளில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு எழுத்து மாறாமல். முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. ஜங்ஷனில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார், நீலப் பை. வடக்கே புசாவலில் தாடியோடு பார்த்தேன், கூப்பிட்டேன், திரும்பவில்லை என்று சித்தப்பா மகன் சொன்னான். கூப்பிட்டால் திரும்பாதவன் என்றால் அது அண்ணனே இல்லை. அண்ணன் பூனை கத்தினாலும் திரும்பிப் பார்ப்பான். ஆனால் அவன் எப்படிக் கிளம்பினான் என்று யாருக்கும் தெரியாது. அதை யாரும் பார்க்கவில்லை. எந்தச் சட்டை, குளித்தானா, வாசலில் ஒரு நொடி நின்றானா, சைக்கிளைத் தொட்டுப் பார்த்தானா.

அதனால்தான் அவன் கிளம்புவது எழுத வரமாட்டேன் என்கிறது. எத்தனை விதமாகக் கிளப்பிப் பார்த்துவிட்டாள். மழையில் ஒரு தடவை. மழை வந்ததும் எல்லாம் பொய்யாகிவிட்டது, குடை எடுத்தானா இல்லையா என்று இரண்டு பக்கம் போயிற்று. அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு ஒரு தடவை, ஆனால் அப்பாவும் அவனும் சண்டை போட்டதே இல்லை, வேலை கிடைக்காத பிள்ளையும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவதுதான் அங்கே நடந்தது. விடிவதற்கு முன் நடை சத்தம் கேட்காமல் கிளம்புகிறான் என்று ஒரு தடவை, அதற்கு அவளே சிரித்தாள், அவன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை. இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு சாப்பாடு, இந்தக் குழாய் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்து, இப்போது பார்த்தால் தள்ளியது அவன் இல்லை, அவள்தான். அவன் வாசல்வரை வந்து நிற்கிறான், இவள் கூப்பிட்டு ஏதோ வேலை சொல்கிறாள். வெட்டிவிட்டால்? முதல் பக்கத்திலேயே இறக்கிவிட்டால் அவன் போய்விடுவான். அதற்கப்புறம் நாக்பூர்தான், ஜோடனைதான், வேகமாக ஓடும், நாகநாதனுக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். ஒருவேளை அவன் எங்கோ உயிரோடு இருந்து, ஏதோ ஒரு ரயில் நிலையப் புத்தகக் கடையில் இதை எடுத்துப் புரட்டினால்? நாக்பூரா, நான் எங்கே நாக்பூர் போனேன், கோதைக்கு என்ன ஆயிற்று என்று நினைத்து அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டால்? ஒருவேளை உயிரோடு இல்லை என்றால், போன வருஷமோ போன மாதமோ, இவள் அவனைக் கீலுக்கு எண்ணெய் விட வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கோ கண்ணை மூடியிருந்தால்? போன் அதிர்ந்தது. பாய்ந்து எடுத்தாள். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள், தூக்கக் கலக்கக் குரல். வேண்டாம்மா என்று வைத்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கீரைக்குக் குனிந்தாள்.

சரி. கிளப்பிவிடு. ஒரே ஒரு வாக்கியம், ஊர் முழுக்கத் தெரிந்த வாக்கியம், அப்பாவின் வாக்கியம், அதை வைத்துத் தொடங்கினால் என்ன. புதுப் பக்கத்தைத் திறந்தாள். அடித்தாள், அழித்தாள், அடித்தாள். 'ஒருவரிடமும்' என்பதா 'யாரிடமும்' என்பதா என்று அங்கே கொஞ்ச நேரம் சிக்கிக்கொண்டு நின்றாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது அவள் பழக்கம். காதுக்குப் பிடித்தால்தான் கைக்குப் பிடிக்கும். படித்தாள்.

"யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு செவ்வாய்க்கிழமை, சிவநேசன் வீட்டை விட்டு இறங்கினான்."

"பொய்யி" என்றாள் அம்மா.

கீரையை உருவுகிற கை நிற்கவில்லை. பூங்கோதைக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"என்னம்மா?"

"சொல்லாமல்லாம் போகல. சொல்லிட்டுத்தான் போனான்."

"அம்மா, இது கதை. இது சிவநேசன்."

"யாருன்னு எனக்குத் தெரியும்டி. நீ தெனம் படிக்கிறது என் காதுல விழாதா? குழாய ரிப்பேர் பண்ணது ஒங்க அண்ணன். அன்னிக்கு நான்தான் பக்கெட்டப் புடிச்சிக்கிட்டு நின்னேன்." முறத்தை ஒரு தட்டுத் தட்டி இலைகளை ஓரமாக ஒதுக்கினாள். "ஒங்கப்பா வேலைக்குப் போயிட்டாரு. நீ டியூஷன். நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். கையெல்லாம் மாவு. வந்து நின்னான். 'அம்மா, போயிட்டு வரேன்'னான். நிமிந்து பாத்தேன். அந்தக் கோடு போட்ட சட்டை, தீபாவளிக்கு எடுத்தது. தோள்ல பை."

பூங்கோதை கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். கோடு போட்ட சட்டை. அவள் எழுதியிருந்தது வெள்ளைச் சட்டை, எல்லாத் தடவையும் வெள்ளை.

"எங்கன்னு கேக்கலையா நீ?"

"கெளம்பறவங்களப் போயி எங்கன்னு கேப்பாங்களா? 'சாப்டியா'ன்னேன். 'சாப்டேன்'னான். 'பாத்துப் போயிட்டு வா'ன்னேன். போயிட்டான். அவ்வளவுதான்."

"பை இருந்துச்சுன்னு சொல்றியே. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"கூப்பிட்டிருக்கலாமே அம்மா. ஒரு சத்தம் போட்டிருந்தா நின்னிருப்பானே."

"வாசப்படி தாண்டினவனப் பின்னாலேருந்து கூப்பிடச் சொல்றியா?" அம்மா முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. இது தெரியாதா உனக்கு என்கிற ஆச்சரியம்தான் இருந்தது. "வேலையில்லாம அந்த வீட்டுக்குள்ள அவன் எப்படி இருந்தான்னு நீ பாத்தியோ இல்லையோ, நான் பாத்தேன். போகட்டும்னுதான் இருந்துச்சு. அப்புறம் போயி சோத்துப் பானையத் தொறந்தேன். காலைல வடிச்சது வடிச்சபடி இருந்துச்சு. ஒரு பருக்கை எடுக்கல. அதான்." அதான் என்பதோடு நிறுத்திக்கொண்டு ஒரு முற்றிய காம்பை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

இத்தனை வருஷம். இத்தனை வருஷம் அப்பா அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அம்மா அதே அறையில் இருந்திருக்கிறாள், காபி ஆற்றிக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அவர் கால் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. பூங்கோதைக்கு எரிச்சல் பொங்கியது, பிறகு அது எரிச்சல் இல்லை என்று தெரிந்தது. அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. இந்த வயதில், தலையில் பாதி நரைத்த பிறகு, ஒன்பதாம் வகுப்புக்கு மார்க் போடுகிற கையோடு, கேட்கத் தோன்றுவது இதுதானா, எனக்கு ஏன் சொல்லவில்லை. டியூஷனுக்குக் கிளம்பும்போது அவன் கதவருகே நின்று ஏதோ கேட்டான், பேனாவோ என்னவோ, அவளும் கொடுத்தாள். அது சொல்வதற்கு வந்ததோ, பேனாவுக்கு வந்ததோ. இல்லை, அது வேறு நாள். அது எந்த நாள்? யாரும் அறியாமல் போனவன் என்றே வைத்துக்கொண்டிருந்தபோது எல்லோருக்கும் ஒரே பங்கு வலி இருந்தது, அப்பாவுக்கு, அவளுக்கு, சித்தப்பா வீட்டுக்கு, சமமாக. இப்போது அந்தப் பங்கு கலைந்துபோயிற்று.

"ஏம்மா சொல்லல? அப்பாகிட்டயாவது?"

"சொன்னா?" என்றாள் அம்மா. "யார்கிட்டயும் சொல்லாமப் போயிட்டான்னா அது ஒரு மாதிரி. எங்கிட்டச் சொல்லிட்டு அவருகிட்டச் சொல்லாமப் போயிட்டான்னா? அந்த மனுஷன் அத எங்க கொண்டு போயி வெப்பாரு? இப்ப ஒன் மூஞ்சியப் பாரு. இதான்." இன்னொரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். "அதுவும் இல்லாம, அது எனக்குன்னு சொன்னது. போயிட்டு வரேன்னு. போறேன்னு சொல்லல. அத எல்லாருக்கும் பிச்சுக் குடுக்கணுமா?"

பூங்கோதை திரையைப் பார்த்தாள். வாக்கியம் அப்படியே நின்றது, பொய் என்று தெரிந்த பிறகு இன்னும் சுத்தமாக, இன்னும் கச்சிதமாக. மனசு தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. அதுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அம்மா எதிரே உட்கார்ந்திருக்கும்போதே. முதல் பக்கத்திலேயே போய்விடுகிறான். பட்டப்பகலில், சாதாரணமாக, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு. அதற்கப்புறம்தான் வீடு, நூறு பக்கமும் அப்படியே, ஒரு வரி வெட்ட வேண்டாம். அவன் சரிசெய்த ரேடியோ பாடுகிறது, கீல் சத்தமில்லாமல் திறக்கிறது, சைக்கிள் சுவரோரம் இருக்கிறது, தங்கை கைகால் கழுவிச் சாப்பிடுகிறாள். அவன் போய்விட்டது படிக்கிறவனுக்குத் தெரியும், அந்த வீட்டுக்குத் தெரியாது. குழாயை அவன் என்றோ சரிசெய்த கதையை யாராவது குழாயைத் திறக்கும்போது சொல்லிக்கொள்ளலாம். நாவல் எங்கே பிடித்துக்கொண்டு நின்றதோ அங்கேயே வழி விட்டுவிட்டது. உடம்பு லேசாகச் சூடாயிற்று, பரீட்சையில் விடை ஞாபகம் வருகிறபோது ஆவதுபோல. உடனே பயம். இது அம்மாவுடையது. அண்ணன் அம்மாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனது, அப்பாவுக்கே கிடைக்காதது. அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்து, அட்டை போட்டு, கண்காட்சியில் அடுக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா?

"எழுதப் போறியா?" என்றாள் அம்மா. அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தேவையில்லை.

"தெரியலம்மா."

"அவன் சொல்லிட்டுப் போனான்னு எழுதிக்க. அது நெசம். என்னய எழுதாத."

அப்போதுதான் போன் அடித்தது. நாகநாதன். மின்விசிறிக் காற்றில் ஒரு இலை முறத்திலிருந்து எழும்பி மேசையில் வந்து விழுந்தது. அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"யோசிச்சீங்களா மேடம்?"

"யோசிச்சேன் சார். முதல் பக்கத்துலயே கிளம்பிடறான்."

"அப்பாடா" என்றார் அவர். நாற்காலி பின்னால் சாயும் சத்தம் கேட்டது. "அப்ப வீட்டுப் பகுதி?"

"அது அப்படியே இருக்கும். அவன் இல்லாத வீடு அது. இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாது. எல்லாரும் வருவான்னு நினைச்சு வேலையப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அந்தப் பக்கம் பேனாவால் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. அந்த இடைவெளியில் அவளுக்கு எல்லாம் தோன்றியது. பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லப்போகிறார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார், அடுத்த வருஷம் அம்மா இருப்பாளா.

"செய்யலாம்" என்றார் நாகநாதன் மெதுவாக. "செய்யலாம் மேடம். நல்லாவே வரும். ஆனா யாருக்கும் தெரியாமப் போறானா?"

"இல்ல சார். ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போறான்."

"யார்கிட்ட?"

அம்மா குனிந்தே இருந்தாள். கைகள் மட்டும் நின்றிருந்தன.

"அது நாவல்ல வராது சார்."

"படிக்கிறவன் கேப்பானே?"

"கேக்கட்டும்."

அவர் சிரித்தார், புரிந்தோ புரியாமலோ, திங்கட்கிழமைக்குள் முதல் அத்தியாயத்தை அனுப்பச் சொல்லிவிட்டு வைத்தார். பூங்கோதை போனைக் கவிழ்த்து வைத்தாள். நெஞ்சின் புளிப்பு இறங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் முடியுமா, கோடு போட்ட சட்டையை எழுதினால் அம்மாவுக்கு வருத்தமாக இருக்குமா, கோடு என்ன நிறம் என்று எப்படிக் கேட்பது. பழைய வாக்கியத்தை அழித்தாள். வெறும் பக்கத்தில் கர்சரின் சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர் திறக்கும் சத்தமும் கீரை அலசும் சத்தமும் கேட்டன. பிறகு சத்தம் நின்றது.

"கோதை."

"என்னம்மா?"

"அந்தப் புள்ள சாப்ட்டுட்டுப் போறானா?"

பூங்கோதை சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"சாப்பிட வெச்சு அனுப்பு."

"முதல் பக்கத்துலயே கிளம்பிடறான்னு அவர்கிட்டச் சொல்லிட்டேம்மா. சாப்பாடு எழுதினா ஒரு பக்கம் தள்ளிப் போயிடும்."

"போகட்டும்" என்றாள் அம்மா. குழாய் மறுபடி திறந்துகொண்டது.

பூங்கோதை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோடு போட்ட சட்டையோடு, பையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சிவநேசன் தட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். சோறு சூடாக இருந்தது.